பூமிக்குள் என்ன இருக்கு? 1885-லேயே கணக்கு போட்டு வழிகாட்டிய லார்ட் ராலே.. யார் இவர்?

நம் காலடியில் இருந்து பூமியின் மையம் சுமார் 6,371 கி.மீ. ஆழத்தில் இருக்கிறது. ஆனால் மனிதன் போட்ட மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலா பகுதியில் 12 கி.மீ.யைச் சற்றே தாண்டியதோடு நின்றுவிட்டது. அப்புறம் எப்படி பல நூறு கி.மீ. ஆழத்துக்கு விஞ்ஞானிகள் வரைபடம் போடுகிறார்கள்?

அதற்குக் கைகொடுப்பது நிலநடுக்க அலைகள்தான். அதில் முக்கியமான ஒன்றின் பெயர் 'ராலே அலை'. வானம் ஏன் நீலமாக இருக்கு என்பதற்குப் பள்ளியில் 'ராலே சிதறல்' படித்தோமே, அதே ராலேதான்!

யார் இந்த ராலே?

இயற்பெயர் ஜான் வில்லியம் ஸ்ட்ரட். 1842 நவம்பர் 12-ம் தேதி இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், நிலவுடைமைப் பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே உடல்நிலை சரியில்லை. பள்ளிப் படிப்பு அடிக்கடி தடைபட்டது. ஆனால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1865-ல் நடந்த கணிதத் தேர்வில் அவர்தான் முதலிடம்.

1872-ல் முடக்குக் காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. உடல் தேற, குளிர்காலத்தில் எகிப்து போனார். நைல் நதியில் படகில் போனபோதும் சும்மா இருக்கவில்லை. ஒலியைப் பற்றிய தன் புகழ்பெற்ற நூலை அங்கேதான் எழுதத் தொடங்கினார். 1873-ல் தந்தை இறந்ததும் 'ராலே பிரபு' பட்டம் இவருக்கு வந்தது. பண்ணை நிர்வாகத்தைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, முழுநேரமும் அறிவியலில் இறங்கினார்.

தாளில் பிறந்த அலை

1879 முதல் 1884 வரை கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்துக்குத் தலைமை தாங்கினார். பிறகு பதவியை விட்டுவிட்டு, டெர்லிங் கிராமத்தில் உள்ள தன் வீட்டு ஆய்வகத்துக்கே திரும்பினார்.

1885-ல் ஒரு கணிதக் கட்டுரை வெளியிட்டார். திடப்பொருளின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும் ஒரு அலை இருக்க முடியும் என்று அதில் நிரூபித்தார். இந்த அலை வரும்போது தரை மேலும் கீழும், முன்னும் பின்னுமாக நீள்வட்டத்தில் அசையும். ஆழம் போகப் போக அசைவு குறைந்துவிடும். பூமிக்குள் எல்லாத் திசையிலும் பரவாமல் மேற்பரப்பிலேயே பரவுவதால், வெகுதூரம் போனாலும் அவ்வளவாகப் பலம் குறையாது. அதனால் நிலநடுக்கங்களில் இதற்குப் பெரிய பங்கு இருக்கலாம் என்றும் அவர் கணித்தார்.

இதில் ஆச்சரியம் என்னன்னா, தொலைதூர நிலநடுக்கத்தை எந்தக் கருவியும் அதுவரை தெளிவாகப் பதிவு செய்ததில்லை. 1889-ல்தான் ஜப்பான் நிலநடுக்கம் ஒன்று ஜெர்மனியின் போட்ஸ்டாமில் பதிவானது. 1897 அசாம் பெருநிலநடுக்கத்தை ஆராய்ந்த ரிச்சர்ட் ஓல்ட்ஹாம், அடுத்த சில ஆண்டுகளில் பதிவுகளில் மூன்று வகை அலைகளைப் பிரித்துக் காட்டினார். கடைசியாக வந்த பெரிய அலைகள் மேற்பரப்பு வழியே வந்தவை!

வரைபடம் போடுவது எப்படி?

ராலே தன் கணக்கில் பூமியை ஒரே சீரான பொருளாக எடுத்துக்கொண்டார். நிஜ பூமியோ அடுக்கடுக்காக இருக்கிறது. 1911-ல் இன்னொரு வகை மேற்பரப்பு அலையைக் கண்டறிந்த ஏ.இ.எச். லவ், அதற்குக் காரணம் இந்த அடுக்குகள்தான் என்று காட்டினார்.

அடுக்குகள் இருப்பதால் ஒரு நன்மை உண்டு. குட்டை அலைகள் மேலோட்டை மட்டும் தொட்டுச் செல்லும். நீண்ட அலைகள் 100 கி.மீ.க்கும் கீழே உள்ள கவச அடுக்கு வரை அசைக்கும். ஆழத்தில் பொதுவாகப் பாறை இறுக்கம் அதிகம் என்பதால் நீண்ட அலைகள் முந்திக்கொண்டு வரும். எந்த அலை எவ்வளவு வேகத்தில் வந்தது என்று கணக்கிட்டால், எந்த ஆழத்தில் எப்படிப்பட்ட பாறை என்று தெரிந்துவிடும். சூடான பாறையில் வேகம் குறையும், குளிர்ந்த பாறையில் கூடும். கிட்டத்தட்ட பூமிக்கு ஸ்கேன் எடுப்பது மாதிரி!

உயிர் காக்கும் கணக்கு

நிலநடுக்கத்தில் கட்டடங்களை உலுக்கும் அலைகளில் இதுவும் ஒன்று. 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்தில் மேற்பரப்பு அலைகள் பூமியையே பலமுறை சுற்றி வந்தன. அதே அலைதான் இன்று பாதுகாப்புக்கும் உதவுகிறது. தரையைச் சுத்தியலால் தட்டி, சின்ன ராலே அலைகளை உண்டாக்கி, அடியில் மண் இறுக்கமா, தளர்வா என்று பார்க்கிறார்கள். பெங்களூரு உட்பட இந்திய நகரங்களில் இப்படி ஆய்வு நடந்திருக்கிறது.

ராலேக்கு 1904-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அது ஆர்கான் வாயுவைக் கண்டறிந்ததற்காக! பரிசுத் தொகையை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். 1919 ஜூன் 30-ல் காலமானார்.

அவர் மறைந்து 100 ஆண்டுகள் கழித்து, அந்த அலை இன்னொரு கிரகத்திலும் தென்பட்டது. 2021 டிசம்பர் 24-ல் செவ்வாயில் விண்கல் மோதியபோது எழுந்த மேற்பரப்பு அலைகளை நாசாவின் இன்சைட் விண்கலம் பதிவு செய்தது. அதை வைத்து அங்குள்ள மேலோட்டையும் விஞ்ஞானிகள் அளந்திருக்கிறார்கள்.