அ. மாதவையா

அ. மாதவையா (ஆகஸ்டு 16, 1872 - அக்டோபர் 22, 1925) தமிழ்ப் புதின இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் புதினங்கள், சிறுகதைகள், கட்டுரைகள் எழுதியவர். நடப்பியல் நோக்கும் வட்டார வாழ்க்கைச் சித்தரிப்பும் கொண்ட பத்மாவதி சரித்திரம் இவரது புகழ்பெற்ற படைப்பாகும்.

வாழ்க்கைக் குறிப்பு

திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த பெருங்குளம் என்னும் ஊரில் பிராமணக் குடும்பமொன்றில் பிறந்தார். அக்கால வழக்கப்படி மாணவப் பருவத்திலேயே இவருக்குத் திருமணம் நடந்தது. மனைவி பெயர் மீனாட்சி. சென்னை கிறித்தவக் கல்லூரியில் பயின்று இளங்கலைப் பட்டம் பெற்றார். அப்போது அக்கல்லூரியின் முதல்வராக இருந்தவர் வில்லியம் மில்லர். பின்னர் அரசின் உப்புத்துறைத் தேர்வில் வெற்றி பெற்று அதிகாரியானார். பணியின் பொருட்டு அன்றைய சென்னை மாகாணத்தின் பல பகுதிகளில் வாழ்ந்தார். ஓய்வு பெறும் காலத்துக்கு முன்பே பணியிலிருந்து விலகி, எழுத்தையே முழுநேரப் பணியாகக் கொண்டார்.

சென்னை மயிலாப்பூர்ப் பகுதியில், இன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை எனப்படும் அன்றைய எட்வர்டு எலியட் சாலையில் இவரது இல்லம் இருந்தது. பிறந்த ஊரின் நினைவாக அதற்குப் பெருங்குளம் இல்லம் என்று பெயர். சொந்தமாக அச்சகம் நிறுவி, 1924-இல் பஞ்சாமிர்தம் என்னும் மாத இதழைத் தொடங்கினார்.

பத்மாவதி சரித்திரம்

இப்புதினத்தின் முதற்பாகம் 1898-இலும், இரண்டாம் பாகம் 1899-இலும் வெளிவந்தன. மூன்றாம் பாகத்தைப் பிற்காலத்தில் பஞ்சாமிர்தம் இதழில் எழுதத் தொடங்கினார், அது முற்றுப்பெறவில்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் (1879), பி. ஆர். ராஜமய்யரின் கமலாம்பாள் சரித்திரம் (நூலாக 1896) ஆகியவற்றுடன் இதுவும் தமிழின் தொடக்ககாலப் புதினங்களுள் ஒன்றாக வைத்து எண்ணப்படுகிறது.

வேதநாயகம் பிள்ளையின் புதினத்தில் அற்புத நிகழ்ச்சிகளும் நீதிக் கதைகளும் மிகுதி. மாதவையாவோ தாம் நேரில் கண்டறிந்த மனிதர்களையும் ஊர்களையும் கதைக்குள் கொண்டுவந்தார். நெல்லைச் சீமைப் பிராமணக் குடும்பங்களின் சடங்குகள், வீட்டுப் பூசல்கள், படிப்புக்காகச் சென்னைக்கு வரும் இளைஞர்களின் வாழ்க்கை ஆகியன இதில் விரிவாக இடம்பெறுகின்றன. ஆசிரியர் கூற்று எழுத்து நடையில் அமைய, பாத்திரங்களின் உரையாடல் பேச்சு வழக்கை ஒட்டி அமைகிறது. ஏறத்தாழ இதே காலப்பகுதியில் அமெரிக்காவிலும் மார்க் டுவைன் போன்றோர் தத்தம் வட்டாரத்தின் பேச்சையும் வாழ்க்கையையும் புதினத்தில் பதிவு செய்தனர்.

கதைத் தலைவன் நாராயணன் உயர்கல்வி கற்றவன். முற்போக்கு எண்ணம் கொண்டவன். எனினும் மனைவி பத்மாவதிமீது காரணமின்றி ஐயம் கொள்கிறான். ஆங்கிலக் கல்வி பெற்ற ஆணின் மனமும் பெண்ணை நிகராக ஏற்கத் தயங்கியது என்பதை ஆசிரியர் மறைக்காமல் காட்டுகிறார். சீர்திருத்தவாதியான அவர் தம்மைப் போன்றவர்களின் குறையையே கதைப்பொருளாக்கியது இப்புதினத்தின் தனிச்சிறப்பாகும்.

சமூகச் சீர்திருத்த எழுத்து

குழந்தை மணம், கைம்பெண்களின் துயரம், பெண்கல்வி மறுப்பு ஆகியவை இவரது எழுத்துகளில் மீண்டும் மீண்டும் இடம்பெற்றன. 1892-இல் விவேகசிந்தாமணி இதழில் சாவித்திரி சரித்திரம் என்ற பெயரில் ஒரு தொடர்கதையைத் தொடங்கினார். அது இடையில் நின்றுபோயிற்று. பின்னர் 1903-இல் முத்துமீனாட்சி என்ற பெயரில் நூலாக வெளிவந்தது. இளவயதில் கணவனை இழந்த பெண்ணொருத்தி தன் கதையைத் தானே கூறுவதாக அமைந்த இந்நூல், கைம்பெண் மறுமணத்தை ஆதரித்ததால் கடும் எதிர்ப்புக்கு உள்ளானது.

இந்து நாளிதழில் குசிகர் என்ற புனைபெயரில் ஆங்கிலச் சிறுகதைகள் எழுதினார். அவற்றைத் தாமே தமிழாக்கிக் குசிகர் குட்டிக் கதைகள் என வெளியிட்டார். தில்லை கோவிந்தன் (1903) என்னும் இவரது ஆங்கிலப் புதினம் 1916-இல் லண்டனிலும் பதிப்பிக்கப்பட்டது. தஞ்சாவூரில் உடன்கட்டை ஏறுவதிலிருந்து காப்பாற்றப்பட்டுப் பின் கிறித்தவரான மராட்டியப் பிராமணப் பெண்ணின் வரலாற்றைத் தழுவி எழுதப்பட்டது கிளாரிந்தா (1915).

மறைவு

1925 அக்டோபர் 22 அன்று சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிமன்றக் கூட்டத்தில், இளங்கலை வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என வலியுறுத்திப் பேசினார். பேச்சு முடிந்து அமர்ந்தவர், அவ்விடத்திலேயே உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 53.

இவருடைய மகன்களுள் மா. அனந்தநாராயணன் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவும் ஆங்கிலப் புதின ஆசிரியராகவும் விளங்கினார். மற்றொரு மகன் மா. கிருஷ்ணன் (1912-1996) புகழ்பெற்ற இயற்கையியலாளர். காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர். அறிவியல் தமிழ் எழுத்தாளர் பெ. நா. அப்புசுவாமி இவரது உறவினர்.

முதன்மைப் படைப்புகள்

- பத்மாவதி சரித்திரம்
- விஜயமார்த்தாண்டம்
- முத்துமீனாட்சி
- குசிகர் குட்டிக் கதைகள்
- தில்லை கோவிந்தன் (ஆங்கிலம்)
- சத்தியானந்தன் (ஆங்கிலம்)
- கிளாரிந்தா (ஆங்கிலம்)