சர் நார்மன் கிரெக்

குழந்தை பார்வையின்றிப் பிறந்தால் அதனை ஊழ்வினை என்று கூறி அமைதலும், ஈன்ற தாயைப் பழித்தலும் உலகில் நெடுங்காலம் வழங்கி வந்தன. அத்துன்பத்திற்குக் காரணம் ஒன்றுண்டு எனத் தேடிக் கண்ட பெருந்தகையார் சர் நார்மன் கிரெக் ஆவார்.

இவர் 1892ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7ஆம் நாள் ஆஸ்திரேலிய நாட்டுச் சிட்னி நகரில் பிறந்தார். 1915இல் மருத்துவப் பட்டம் பெற்றார். முதல் உலகப் போரில் படை மருத்துவராய்த் தொண்டாற்றி, வீரத்திற்குரிய மிலிட்டரி கிராஸ் விருதினை எய்தினார். பின்னர் இங்கிலாந்தில் கண் மருத்துவம் பயின்று சிட்னிக்குத் திரும்பினார்.

1941ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிறவியிலேயே கண்புரை கொண்ட குழந்தைகள் பலர் அவரிடம் கொண்டுவரப்பட்டனர். அவர்தம் விழிவில்லையின் நடுப்பகுதி அடர்ந்து வெளுத்திருந்தது. சிலர்க்கு விழியே சிறுத்திருந்தது. பலர் மெலிந்து, பாலருந்தவும் இடர்ப்பட்டனர், இதயமும் பழுதுற்றிருந்தது. அரிதாய்க் காணும் நோய் ஒரே காலத்தில் இத்துணைக் குழந்தைகளைப் பற்றியது ஏன் என அவர் ஆழ்ந்து எண்ணினார்.

மருத்துவமனையில் காத்திருந்த தாய்மார், கருவுற்ற நாளில் தமக்கு ஜெர்மன் தட்டம்மை கண்டதைத் தம்முள் பேசிக்கொண்டது அவர் செவியில் விழுந்தது என்பர். ரூபெல்லா எனப்படும் அந்நோய் எளியதென்றே மருத்துவர்கள் கருதியிருந்தனர். கிரெக் அப்பேச்சைப் புறக்கணித்தாரல்லர். தாயர் ஒவ்வொருவரையும் வினவினார். பிற மருத்துவர்களிடமும் செய்தி திரட்டினார். 78 குழந்தைகளுள் 68 பேரின் அன்னையர் கருவுற்ற காலத்தில் அந்நோயுற்றிருந்தனர். அவருட் பெரும்பாலோர் முதல் இரு திங்களில் உற்றவர். இம்முடிபினை 1941 அக்டோபர் 15ஆம் நாள் மெல்போர்ன் நகரில் வெளியிட்டார். ஐயுற்றோர் பலர்; எனினும் பின்வந்த ஆய்வுகள் அவர் கூற்றை மெய்ப்பித்தன.

ரூபெல்லாக் கிருமி தாயின் குருதியிலிருந்து நஞ்சுக்கொடி வழியே கருவை அடைகின்றது. விழிவில்லை உருவாகும் பருவம் அதுவே. வில்லையின் நடு இழைகளில் உள்ள உட்கருக்கள் மறைந்தால்தான் ஒளி தடையின்றிச் செல்லும். நோயுற்ற வில்லையிலோ அவை மறையாது எஞ்சுகின்றன, இழைகள் சிதைகின்றன, வில்லை கலங்குகின்றது. விழித்திரை முதலிய திசுக்களும் மாறுபடுகின்றன. ஆதலின் புரையை அகற்றினும் முழுப்பார்வை கிட்டாமற் போதலுண்டு. வருமுன் காத்தலே சிறந்த வழி.

1953இல் 'சர்' பட்டம் பெற்ற கிரெக், 1966ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இயற்கை எய்தினார். மூன்றாண்டுகளின் பின், 1969இல், அமெரிக்க நாட்டில் ரூபெல்லாத் தடுப்பூசிக்கு இசைவு அளிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு, ஒன்பது திங்கள் முதல் பதினைந்து அகவைக்குட்பட்ட சிறார்க்குத் தட்டம்மை, ரூபெல்லாத் தடுப்பூசி இடும் பெருமுயற்சி நடைபெற்றது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களில் தொழிற்சாலைப் பணிக்குச் செல்லும் இளமகளிர்க்கும் இச்செய்தி உரியது. அத்தடுப்பூசி பெறாதவர், மருத்துவரைக் கலந்து, கருவுறுதற்கு ஒரு திங்களேனும் முன்னரே அதனைப் பெறுதல் நன்று. கருவுற்றபின் அதனை இடுதல் ஆகாது.

மாணவர்களே! எளியோர் பேச்சையும் செவிமடுத்தமையாலன்றோ கிரெக் அரிய உண்மையைக் கண்டார்? தாயர்மீது சுமத்திய பழியும் அதனால் நீங்கிற்று.