வானில் மறைந்த வீரர் இந்திரலால் ராய்

விழுப்புரத்திலிருந்து திருச்சி செல்லும் வழியில், உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று உண்டு. அதனைக் காணும்போது, அதற்கு முந்திய உலகப் போரில் வானில் பொருது உயிர்நீத்த நம் நாட்டு இளைஞர் இந்திரலால் ராயை நாம் நினைவுகூர்தல் தகும்.

இவர் 1898 டிசம்பர் 2ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். லண்டனில் கல்வி பயின்றார். அன்னையார் லலிதா ராய், பெண்களின் வாக்குரிமைக்காக 1911இல் அந்நகரில் நடந்த பேரணியில் பங்குகொண்டவர்.

கண்பார்வை போதாதென்று விமானப்படை முதலில் ராயை ஏற்க மறுத்தது. அவர் மனம் தளரவில்லை. தம் மோட்டார் சைக்கிளை விற்று, சிறந்த கண் மருத்துவரிடம் மீண்டும் சோதித்துச் சான்று பெற்றார். 1917இல் படையில் சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் அவரது விமானம் விழுந்து நொறுங்கியது. படுகாயமுற்றுத் தேறிவந்த நாட்களில் விமானங்களை ஓவியமாகத் தீட்டினார். மீண்டும் களம் புகுந்து, 1918 ஜூலையில் இரு வாரங்களுக்குள் 10 வெற்றிகள் ஈட்டினார். ஜூலை 22இல் பிரான்சில் கார்வின் நகருக்கு மேல் நடந்த சண்டையில் வீழ்ந்தார். அப்போது வயது 19 மட்டுமே. தாயின் துயரத்தை என்னென்பது!

மறைவுக்குப்பின் சிறப்புமிக்க பறத்தல் சிலுவை விருது பெற்ற முதல் இந்தியரானார். எஸ்தவேல் சிற்றூரில் அவர் கல்லறை வங்காள, பிரெஞ்சு எழுத்துக்களுடன் காக்கப்படுகிறது. அவர் ஓட்டிய வகை விமானம் ஒன்று லண்டன் அறிவியல் காட்சிசாலையில் இருக்கிறது. 1998இல் நம் நாடு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

அயல்நாட்டுச் சிற்றூர் நம்மவரை மறக்கவில்லை. நம் பக்கத்து ஓடுதளத்தின் வரலாற்றை, அறிந்த முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது விழுப்புரம், திண்டிவனம் மாணவியராகிய நம் கடமையன்றோ?