சத்தியம் செய்ய மறுத்த நீதிபதி: சேர் தோமஸ் மூர்

இலண்டன் டவர் ஹில் பாதாள ரயில் நிலையத்தை விட்டு வெளியே வருவோரின் கண்ணில் முதலிற் படுவது தேம்ஸ் நதிக்கரையில் நிற்கும் பழைய கோட்டையே. ஊரிலிருந்து வரும் உறவினரை அங்கு அழைத்துச் சென்று, அரச முடிகளையும் மணிகளையும் காட்டாத குடும்பங்கள் நம்மவரிடையே குறைவு. ஆனால் நிலையத்துக்கு அருகேயுள்ள டிரினிட்டி சதுக்கப் பூங்காவினுள் நுழைந்து பார்ப்போர் மிகச் சிலரே. அங்கே நிலத்தோடு நிலமாக ஒரு சிறு நினைவிடம் அமைக்கப்பட்டுள்ளது. முற்காலத்தில் சிரச்சேத மேடை நின்ற இடம் அது. 1535ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6ஆம் திகதி காலை, அம்மேடையில் ஒரு முதியவர் ஏறினார். மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை இங்கிலாந்தின் அதியுயர் நீதிப் பதவியில் அமர்ந்திருந்தவர் அவர். பெயர் சேர் தோமஸ் மூர்.

அநீதியான மரண தண்டனையை ஏற்றுக்கொண்ட அறிஞர் என்றதும் நமது நினைவுக்கு வருபவர் கிரேக்க ஞானி சோக்கிரட்டீஸ். கி.மு. 399ஆம் ஆண்டில், ஏறக்குறைய 70 வயதில், இளைஞரைக் கெடுத்தார், நகரின் தெய்வங்களை மதிக்கவில்லை என்ற குற்றச்சாட்டுகளின்பேரில் ஏதென்ஸ் நகரம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. சிறையிலிருந்து தப்பிச் செல்ல நண்பர் கிரிட்டோ வழி செய்திருந்தும், தம்மை வளர்த்த நகரின் சட்டத்தை மீறி ஓடுவது தமக்குத் தகாது என மறுத்து நஞ்சை அருந்தினார். பாடசாலைப் பருவத்தில் இக்கதையை வியப்போடு படித்தோம். நாட்டை விட்டு ஓடிவந்து உயிர் தப்பிய பின்னர் மீண்டும் படிக்கும்போது, நெஞ்சின் ஒரு மூலையில் ஏதோ நெருடுகிறது. ஓடாதவன் உத்தமன் எனில் ஓடிவந்தவன் யார்? இக்கேள்விக்கு இலண்டனின் சோக்கிரட்டீஸ் எனத்தக்க தோமஸ் மூரின் வாழ்க்கையில் ஒரு விடை கிடைக்கிறது.

1478ஆம் ஆண்டளவில் இலண்டன் மில்க் வீதியில், ஒரு சட்டத்தரணியின் மகனாக மூர் பிறந்தார். ஒக்ஸ்போர்டில் ஈராண்டு பயின்றபின், தந்தையின் விருப்பப்படி லிங்கன்ஸ் இன்னில் சட்டம் கற்றார். துறவியாகும் எண்ணம் அவருக்கு இருந்தது. எனினும் இல்லறத்தையே தேர்ந்தெடுத்து நான்கு பிள்ளைகளுக்குத் தந்தையானார். ஆண்பிள்ளைக்குப் போலவே பெண்பிள்ளைகளுக்கும் இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தமை அக்காலத்தில் அபூர்வமானது. மூத்த மகள் மார்கிரட்டின் புலமை ஐரோப்பிய அறிஞர்களையே வியக்கவைத்தது. ஒல்லாந்து அறிஞர் எராஸ்மஸ் அவருடைய உற்ற நண்பர். குறையில்லாத ஒரு கற்பனைத் தீவைப் பற்றி மூர் எழுதிய யூட்டோப்பியா என்ற நூல் 1516இல் வெளிவந்தது. அந்நூலின் பெயர் பின்னர் பல மொழிகளிலும் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது.

மறு ஆண்டு, 1517இல், மே முதலாம் திகதிக்கு முந்திய இரவு, இலண்டனில் வாழ்ந்த அந்நிய நாட்டவருக்கு எதிராகக் கலகம் வெடித்தது. தமது தொழிலையும் வியாபாரத்தையும் வந்தேறிகள் பறித்துக்கொண்டனர் எனக் கூறிப் பெருங்கூட்டமாகத் திரண்ட இளைஞர்கள், அவர்களுடைய வீடுகளையும் கடைகளையும் தாக்கினர். அப்போது நகரின் உதவி ஷெரிப்பாகப் பணியாற்றிய மூர், கூட்டத்தின் முன்னே சென்று நின்று அமைதி காக்குமாறு வேண்டினார். கல்வீச்சு தொடங்கியதால் அம்முயற்சி கைகூடவில்லை. ஆயினும் இலண்டன் மக்கள் அதனை மறக்கவில்லை. எலிசபெத் அரசியின் காலத்தில் அவரைப் பற்றி எழுதப்பட்ட நாடகத்தில் இக்காட்சி இடம்பெற்றது. நாடு கடத்தப்பட்டால் உங்கள் கதி என்ன என்று கலகக்காரரையே மூர் சிந்திக்கச் செய்யும் அப்பகுதி ஷேக்ஸ்பியரின் கையெழுத்திலேயே உள்ளது என்பது அறிஞர் பலரின் கருத்து. அதன் கையெழுத்துப் பிரதி பிரித்தானிய நூலகத்தில் உள்ளது.

1529இல் மன்னன் எட்டாம் ஹென்றி அவரை லோர்ட் சான்சலர் பதவியில் அமர்த்தினான். நீதிபதியாக அவர் கைக்கூலிக்கு இடங்கொடாதவர் எனப் பெயர் பெற்றார். ஆயினும் அவரை அப்பழுக்கற்றவர் எனக் கூறுவது உண்மையாகாது. அவர் பதவியிலிருந்த காலத்தில், கத்தோலிக்க நம்பிக்கைக்கு மாறான கொள்கையுடையோர் ஆறு பேர் உயிருடன் எரிக்கப்பட்டனர். அவர்களுள் சிலரைத் தேடிப் பிடித்து விசாரிப்பதில் அவரும் பங்கேற்றார். தமது மனச்சாட்சிக்காக உயிரையே கொடுக்கப்போகும் அவர், பிறருடைய மனச்சாட்சிக்கு அன்று இடமளிக்கவில்லை.

மன்னனுக்கும் அவருக்குமிடையே பிளவு விரைவில் தோன்றியது. ஆண் வாரிசை விரும்பிய ஹென்றி, அரசி கதரினை விலக்கிவிட்டு ஆன் பொலினை மணக்க முயன்றான். பாப்பரசர் இணங்காமையால், இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவன் எனும் நிலைக்கு வந்தான். இதற்கு உடன்பட முடியாத மூர், 1532 மே மாதம் பதவி விலகி, செல்சியிலிருந்த தமது இல்லத்தில் ஒதுங்கி வாழ்ந்தார். 1534இல் புதிய வாரிசுரிமைச் சட்டம் நிறைவேறியது. அதனை ஏற்றுச் சத்தியப்பிரமாணம் செய்யுமாறு குடிமக்கள் பணிக்கப்பட்டனர். ஏப்ரல் 13ஆம் திகதி லாம்பெத் மாளிகைக்கு அழைக்கப்பட்ட மூர், அரசுரிமை யாருக்கு என்பதைப் பாராளுமன்றம் தீர்மானிப்பதில் தமக்கு ஆட்சேபமில்லை என்றார். ஆனால் பாப்பரசரின் அதிகாரத்தை மறுக்கும் அச்சத்தியத்தைச் செய்ய மறுத்தார். மறுப்பின் காரணத்தை வெளியிடவும் மறுத்தார். நான்கு நாட்களில் கோட்டைச் சிறைக்குள் அடைக்கப்பட்டார்.

அவர் சாவைத் தேடிச் சென்றவர் அல்லர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். சட்டத்தின் நெளிவு சுளிவுகளை நன்கறிந்த அவர், மௌனத்தையே கேடயமாகக் கொண்டார். வாய் திறவாதவனை எச்சட்டமும் துரோகி என நிரூபிக்க இயலாது என்பதும், மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பதும் அவருடைய வாதம். தமது மனச்சாட்சியை எவருக்கும் அளவுகோலாக அவர் நீட்டவுமில்லை. சத்தியம் செய்த எவரையும் அவர் குறைகூறவில்லை. அருமை மகள் மார்கிரட் ஒரு நிபந்தனையைச் சேர்த்துத் தாம் சத்தியம் செய்துவிட்டார். தந்தையையும் இணங்கச் செய்ய மன்றாடினார். தந்தை இணங்கவில்லை. மகளை வெறுக்கவுமில்லை. எழுதுபொருட்கள் மறுக்கப்பட்ட வேளையில் கரித்துண்டால் அவர் எழுதியது அந்த மகளுக்கே. மனைவி அலிஸோ, கணவருக்கும் அவருடைய பணியாளுக்கும் சிறையில் உணவு கிடைப்பதற்காக வாரந்தோறும் 15 ஷில்லிங் செலுத்தவேண்டியிருந்தது. சொத்துகள் பறிபோன நிலையில், தமது உடைகளையும் விற்றே அதனைக் கட்டினார்.

1535 ஜூன் மாதத்தில் சொலிசிட்டர் ஜெனரல் றிச்சர்ட் றிச் சிறைக்கு வந்தார். மூரின் புத்தகங்களை ஆட்கள் கட்டி எடுத்துக்கொண்டிருக்கையில் அவருடன் பேச்சுக் கொடுத்தார். மன்னனைத் திருச்சபையின் தலைவனாக்கப் பாராளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று மூர் அப்போது கூறியதாக, பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியமளித்தார். மூர் அதனைப் பொய்ச்சாட்சி என மறுத்தார். அறையில் இருந்த மற்ற இருவரும், புத்தகங்களைக் கட்டுவதில் ஈடுபட்டிருந்தமையால் உரையாடலைக் கவனிக்கவில்லை என்றனர். ஜூலை முதலாம் திகதி வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நடந்த அவ்விசாரணையின் நீதிபதிகளுள் ஆன் பொலினின் தந்தையும் சகோதரனும் மாமனும் இருந்தனர். ஜூரிமார் கால்மணி நேரத்தில் இராஜத்துரோகக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தனர். தீர்ப்பின் பின்னரே மூர் தமது மௌனத்தைக் கலைத்து, எந்த அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் திருச்சபையின் தலைமை உரியதன்று என வெளிப்படையாக உரைத்தார். நீதிபதிகளை அவர் சபிக்கவில்லை. மறுமையில் யாவரும் மகிழ்வோடு சந்திக்கவேண்டும் என்றே வேண்டினார்.

கோட்டைக்குத் திரும்பும் வழியில் மார்கிரட் காவலரின் ஆயுதங்களையும் பொருட்படுத்தாது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடித் தந்தையைக் கட்டித் தழுவினார். ஐந்து நாட்களின் பின் டவர் ஹில்லில் தண்டனை நிறைவேறியது. ஆட்டங்கண்டிருந்த மேடையில் ஏற அதிகாரியின் கைத்துணையை நாடிய வேளையிலும் மூரின் நகைச்சுவை அவரை விட்டு நீங்கவில்லை. உடல் கோட்டையினுள் இருந்த தேவாலயத்தில் புதைக்கப்பட்டது. இலண்டன் பாலத்தில் குத்தி வைக்கப்பட்ட தலையை மார்கிரட் மீட்டுப் பாதுகாத்தார்.

பெரும்பாலான நூல்கள் கதையை இவ்விடத்தில் முடித்துவிடுகின்றன. நமக்கோ இங்கேதான் கதை தொடங்குகிறது. மூரின் உறவினரிற் பலர் பின்னர் அகதிகளாயினர். அவருடைய சகோதரியின் மகன் வில்லியம் றாஸ்டெல் 1549இல், இன்றைய பெல்ஜியத்திலுள்ள லூவெய்ன் நகருக்குத் தப்பிச் சென்றார். ஆட்சி மாறியபின் திரும்பிவந்து, 1557இல் மூரின் ஆங்கில எழுத்துகளைத் திரட்டிப் பெருநூலாக வெளியிட்டார். ஆட்சி மீண்டும் மாறவே மீண்டும் அகதியாகி, 1565இல் லூவெய்னிலேயே கண்மூடினார். மூர் தம் பிள்ளைபோல் வளர்த்த மார்கிரட் கிக்ஸ், மருத்துவரான கணவருடன் புலம்பெயர்ந்து 1570இல் மெக்கலன் நகரில் மறைந்தார். மூரின் மருமகன் றோப்பர் எழுதிய வாழ்க்கை வரலாறு 1626இல் முதன்முதலாக அச்சேறியதும் கடல்கடந்த அந்நிய மண்ணிலேயே.

ஏதென்ஸிலும் இதுவே நடந்தது. சோக்கிரட்டீஸ் மறைந்ததும் பிளேட்டோவும் வேறு சில சீடர்களும் அயல்நகரான மெகாராவுக்கு ஒதுங்கிச் சென்றனர் எனப் பழைய வரலாறு கூறுகிறது. அந்தப் பிளேட்டோவின் எழுத்தே இன்று சோக்கிரட்டீஸை நமக்கு அறிமுகம் செய்கிறது.

நின்றவர் ஒருவர், சென்றவர் பலர். நின்றவரின் மரணத்துக்குப் பொருள் கிடைத்தது சென்றவர்கள் உயிரோடிருந்து காத்த கடிதங்களாலும் ஏடுகளாலுமே. ஓடிவந்தவன் யார் என்ற கேள்விக்கு, அவன் சாட்சி என்பதே மூரின் குடும்பம் தரும் விடை. ஆனால் சாட்சிக்கும் ஒரு கடமை உண்டு. றிச்சர்ட் றிச்சும் ஒரு சாட்சியே. ஊரில் விட்டுவந்தவரைப் பற்றி நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்வது கூட்டாமலும் குறைக்காமலும் இருக்கவேண்டும். மூரின் வரலாற்றைச் சொல்லும்போது எரிக்கப்பட்ட அந்த ஆறு பேரையும் சேர்த்தே சொல்வதுபோல.

அடுத்த முறை உறவினரோடு டவர் ஹில் செல்லும்போது, கோட்டைக்குள் நுழையுமுன் அப்பூங்காவிலும் சற்று நின்று வாருங்கள். அதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.