‘முத்துலட்சுமி ரெட்டி ஸ்கீம்’ தெரியும்... அந்த டாக்டர் பேசிய ‘வெளியே சொல்ல முடியாத’ நோய்கள் தெரியுமா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும், கர்ப்பிணிகள் வரிசையில் ஒரு பெயர் காதில் விழும்: முத்துலட்சுமி ரெட்டி. பெரும்பாலும் அக்கவுன்ட்டில் பணம் ஏறிடுச்சா, இல்லையா என்ற பேச்சில்தான். 12 வாரத்துக்குள் பதிவு செய்து பிக்மி நம்பர் வாங்கும் பெண்களுக்கான அரசு மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரில் இருக்கிறது.

பதிவுக்குப் பிறகு எடுக்கும் ரத்தத்தில் சர்க்கரை, ஹீமோகுளோபின் மட்டும் பார்ப்பதில்லை. எச்ஐவி, சிபிலிஸ் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். இது நிறைய பேருக்குத் தெரியாது. அந்த டாக்டரின் வாழ்க்கைக்கும் இந்தப் பரிசோதனைக்கும் தொடர்பு உண்டு.

திரைக்குப் பின்னால் இருந்து

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். வயதுக்கு வந்ததும் பள்ளியை நிறுத்தினார்கள்; வீட்டிலேயே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் இவரைச் சேர்க்க எதிர்ப்பு கிளம்பியபோது, புதுக்கோட்டை மன்னர் அனுமதி கொடுத்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல் டாக்டர்.

முதலில் வேலை பார்த்தது எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில். அந்தக் காலத்து பிரசவ வார்டு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பென்சிலின் வரவில்லை. ஊரில் மேகநோய் என்று மொத்தமாகச் சொன்ன சிபிலிஸும் கொனோரியாவும் கணவரிடமிருந்து மனைவிக்கு வரும். சிபிலிஸ் இருந்தால் திரும்பத் திரும்பக் கரு கலையும், குழந்தை இறந்தே பிறக்கும். கொனோரியா இருந்தால் பிறந்த குழந்தையின் கண் சீழ் பிடித்து பார்வையே போகலாம். கருக்குழாய் அடைத்துக்கொண்டால் குழந்தையே தங்காது. மலடி என்ற பெயர் மட்டும் பெண்ணுக்கு. கணவரை யாரும் பரிசோதிக்கச் சொல்ல மாட்டார்கள்.

அரசாங்கத்தின் பார்வையும் அதேதான். 1868-ல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த தொற்றுநோய்ச் சட்டம், பாலியல் தொழில் செய்த பெண்களைப் பதிவு செய்து, கட்டாயமாகச் சோதித்து, நோய் இருந்தால் ‘லாக் ஹாஸ்பிட்டலில்’ அடைத்து வைத்தது. சிப்பாய்களைக் காப்பாற்றத்தான் இத்தனையும். அவர்களிடம் போன ஆண்களுக்கு இதில் எந்தத் தண்டனையும் இல்லை. எதிர்ப்புக்குப் பிறகு 1888-ல் அந்தச் சட்டம் ரத்தானது. அந்த மனநிலை ரத்தாகவில்லை.

சட்டமன்றத்தில் ஒரு டாக்டர்

1925-ல் லண்டன் போய் பெண்கள், குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சி பெற்றார். திரும்பி வந்ததும் சென்னை மாகாண சட்டமன்றத்துக்கு நியமனம். டாக்டர் தொழிலை விட்டுவிட்டுப் போகத் தயங்கியவர், 1927-ல் அதன் துணைத் தலைவரே ஆனார். பள்ளிக் குழந்தைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, குழந்தைத் திருமணத்துக்கு எதிர்ப்பு, 1930-ல் வந்த பெண் கடத்தல், விபச்சார ஒழிப்புச் சட்டம் என்று பல விஷயங்களில் அவர் குரல் இருந்தது. கோயில்களுக்குச் சிறுமிகளைப் பொட்டுக்கட்டி விடுவதை நிறுத்தச் சொன்னதுதான் பெரிய சண்டை. காந்தி கைதானதை எதிர்த்து 1930-ல் பதவியையே உதறினார். அந்தத் தடைச் சட்டம் 1947-ல்தான் நிறைவேறியது. மற்ற விடுதிகளில் இடம் கிடைக்காமல் தன் வீட்டுக்கு வந்த தேவதாசிக் குடும்பத்துப் பெண்களுக்காக ஆரம்பித்ததுதான் அவ்வை இல்லம்.

இதில் ஒரு நெருடலும் இருக்கு. பொட்டுக்கட்டுவதை நிறுத்த அவர் வைத்த காரணங்களில் பால்வினை நோயும் ஒன்று. வீட்டில் இருக்கும் மனைவிக்கும் குழந்தைக்கும் அந்த நோய் போகிறது என்பது மருத்துவ உண்மை. ஆனால், அந்த வாதம் அந்தச் சமூகத்துப் பெண்களையே நோயின் ஊற்றாகப் பார்க்க வைத்தது என்று பின்னாளில் ஆய்வாளர்கள் விமர்சித்தார்கள். அன்று எதிர்த்து நின்ற தேவதாசிகளும் உண்டு. அந்த விமர்சனத்தில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. ஆனாலும், மருத்துவமனைக்குள் முடங்கிக் கிடந்த பேச்சை ஆண்கள் நிறைந்த ஒரு சபைக்கு அவர் கொண்டுபோனார் என்பதை மறுக்க முடியாது.

அடையாறில் 12 படுக்கை

1923-ல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அது மனதை விட்டுப் போகவில்லை. 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. 1956-ல் பத்ம பூஷண். 1968 ஜூலை 22-ல் காலமானார்.

அவர் இறந்து 15 வருஷம் கழித்து, 1983-ல் ஜெர்மனியில் ஹரால்டு சூர் ஹவுசன் குழு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க் கட்டிகளில் எச்பிவி 16 என்ற வைரஸ் வகையைக் கண்டுபிடித்தது. உடலுறவு மூலம் பரவும் வைரஸ் அது. 1980களில் சென்னைப் பெண்களுக்கு அதிகம் வந்த புற்றுநோயும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்தான். பிரசவ வார்டில் பார்த்த தொற்றும், கடைசிக் காலத்தில் கட்டிய ஆஸ்பத்திரிக்கு வந்த புற்றுநோயும் ஒரே வழியாகப் பரவின என்று அவருக்குத் தெரிய வாய்ப்பே இருக்கவில்லை.

இன்று என்ன கிடைக்கிறது?

கர்ப்பத்தின்போது ஆரம்பநிலை சிபிலிஸ் தெரிந்தால், பென்சிலின் ஊசியிலேயே குணமாக்கி, குழந்தையையும் காப்பாற்றலாம். வெள்ளைப்படுதலில் நாற்றம், நிறமாற்றம், அரிப்பு, அடிவயிற்று வலி இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காட்டலாம். எல்லா வெள்ளைப்படுதலும் பால்வினை நோய் இல்லை; சாதாரண பூஞ்சைத் தொற்றாகவும் இருக்கும். அதனால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்க வேண்டாம். 30 வயது தாண்டியவர்களுக்கு கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இலவசம். எச்ஐவிக்கு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. ரிசல்ட்டை ரகசியமாக வைப்பார்கள். பால்வினைத் தொற்று உறுதியானால், கணவரையும் அழைத்து வரச் சொல்வார்கள். அவருக்கும் சேர்த்து சிகிச்சை கொடுக்காவிட்டால் அதே தொற்று மறுபடி மனைவிக்கு வரும்.