ஒரு சோறு பதம் பார்த்த ஜார்ஜ் கேலப்

பேரவைத் தேர்தல் சமயத்தில் டீக்கடை பெஞ்சில் நடக்கிற ஆரூடம் உங்களுக்குத் தெரியாததா? எல்லோரும் அரசியல் பண்டிதர்கள்தான்! போன வருடம் அடியேனும் ஒரு நோட்டும் பேனாவுமாக விடுதியில் அறை அறையாக ஏறி இறங்கி, நாற்பது பேரிடம் கேட்டு, செயலாளர் யார் என்று அடித்துச் சொன்னேன். பந்தயம் ஆளுக்கு ஒரு டீ, ரெண்டு வடை. ஓட்டு எண்ணி முடிந்ததும் நான் சொன்ன ஆள் தோற்றுப் போயிருந்தார். பையில் இருந்த காசும் போச்சு!

எங்கே தப்பு நடந்தது என்று ராத்திரி படுத்தபோதுதான் உறைத்தது. தினமும் பஸ்ஸில் வந்து போகிற மாணவர்களில் ஒருத்தரைக்கூட நான் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் நம்ம விடுதிக்காரர்களைத்தான். இதே தவறை 1936-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய பத்திரிகை செய்தது. அது தவறப் போகிறது என்று முன்கூட்டியே சொன்னவர் ஒருவர் உண்டு. அவர்தான் கருத்துக்கணிப்பின் முன்னோடி ஜார்ஜ் கேலப். அவர் வாழ்க்கை நம்மைப் போன்ற பட்டயப் படிப்பு மாணவர்களுக்கு நல்ல பாடம்.

பால் விற்ற பையன்

ஜார்ஜ் ஹோரஸ் கேலப் 1901 நவம்பர் 18-ல் ஐயோவா மாநிலத்தில் ஜெஃபர்சன் என்ற சிற்றூரில் பிறந்தார். மக்காச்சோள வயலும் மாட்டுப் பண்ணையுமாக இருக்கும் மாநிலம் அது. வீட்டிலும் பால் பண்ணைதான். பள்ளிக்கூட வயதில் வீடு வீடாகப் பால் கொண்டு போய்ப் போட்டு, அந்தக் காசில் பள்ளியில் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். கால்பந்து விளையாட்டிலும் விடவில்லை. ஐயோவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் மாணவர் நாளிதழான டெய்லி ஐயோவனுக்கு ஆசிரியர் ஆனார்.

1922 கோடை விடுமுறையில் ஒரு வேலை கிடைத்தது. செயின்ட் லூயிஸ் நகரில் வீடு வீடாகப் போய், அங்கே வரும் நாளிதழில் எதைப் படிக்கிறார்கள் என்று கேட்டு வர வேண்டும். கேட்டால் எல்லோரும் தலையங்கம் படிப்பதாகத்தான் சொல்வார்கள். சினிமாப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பேன் என்று நம்மில் யார் ஒத்துக்கொள்வோம்? கேலப் வேறு வழி கண்டுபிடித்தார். வாசகர் பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகையைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, எதை நிஜமாகப் படித்தார் என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. முதல் பக்கச் செய்தியைவிடப் படக்கதைக்கும் படத்துக்கும்தான் மவுசு!

கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும் என்ற பாடத்தை அவர் அங்கே கற்றுக்கொண்டார். இந்த ஆராய்ச்சியையே வளர்த்து 1928-ல் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார். சில வருடம் இதழியல் ஆசிரியர் வேலை. 1932-ல் நியூயார்க் போய் யங் அண்ட் ரூபிகம் விளம்பர நிறுவனத்தில் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர் ஆனார்.

மாமியாரின் தேர்தல்

அதே 1932-ல் குடும்பத்திலேயே ஒரு தேர்தல் வந்தது. அவருடைய மாமியார் ஓலா பாப்காக் மில்லர், ஐயோவா மாநிலச் செயலாளர் பதவிக்கு ஜனநாயகக் கட்சி சார்பில் நின்றார். அந்த மாநிலத்தில் அந்தக் கட்சி ஜெயிப்பது அபூர்வம். அம்மையார் வெல்வார் என்று எதிர்பார்த்தவர்கள் குறைவு. மருமகன் தன் முறையில் மக்களிடம் கேட்டுப் பார்த்தார். அம்மையார் வென்று, அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்மணி ஆனார். பற்பசைக்கும் சோப்புக்கும் பயன்படுகிற முறை ஓட்டுக்கும் பயன்படும் என்ற நம்பிக்கை கேலப்புக்கு வந்தது.

1935-ல் நியூஜெர்ஸி மாநிலத்தின் பிரின்ஸ்டன் நகரில் அமெரிக்கப் பொதுக்கருத்து நிறுவனத்தைத் தொடங்கினார். எந்தக் கட்சியிடமும் காசு வாங்கிக்கொண்டு கணிப்பு நடத்துவதில்லை என்று ஒரு விரதமும் எடுத்துக்கொண்டார். முடிவுகளைப் பத்திரிகைகளுக்கு விற்றுத்தான் பிழைப்பு.

ஒரு கோடி அட்டை தோற்ற கதை

அப்போது தேர்தல் ஆரூடத்தில் கொடி கட்டிப் பறந்தது லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ். 1916 முதல் 1932 வரை நடந்த ஐந்து அதிபர் தேர்தலிலும் வெற்றியாளரைச் சரியாகச் சொல்லியிருந்தது. 1936-ல் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து ஆல்ஃப் லாண்டன் நின்றார். டைஜஸ்ட் ஒரு கோடி வாக்கு அட்டைகளைத் தபாலில் அனுப்பியது. சுமார் 23 லட்சம் திரும்பி வந்தன. எண்ணிப் பார்த்து லாண்டனுக்கு 57 சதவீதம் என்று அறிவித்தது.

கேலப் என்ன செய்தார் தெரியுமா? டைஜஸ்ட் தன் கணிப்பைத் தொடங்குவதற்கு முன்பே, அது லாண்டனுக்கு 56 சதவீதம் என்று சொல்லும், அப்படிச் சொல்வது தவறாகப் போகும் என்று எழுதிவிட்டார்! டைஜஸ்ட் ஆசிரியருக்கு வந்ததே கோபம்! கேலப் மந்திரம் எதுவும் போடவில்லை. டைஜஸ்ட் முகவரி எடுக்கும் பட்டியல்களிலிருந்தே சுமார் 3,000 பேருக்கு அட்டை அனுப்பிப் பார்த்திருந்தார். அவை டெலிபோன் வைத்திருப்பவர்கள், கார் வைத்திருப்பவர்கள் பட்டியல்கள். நாடே பொருளாதார மந்தத்தில் தவித்த நேரம் அது. வேலையில்லாதவன் வீட்டில் ஏது டெலிபோன், ஏது கார்?

கேலப் தன் கணிப்புக்குக் கேட்டது சுமார் 50,000 பேரைத்தான். பணக்காரர், ஏழை, நகரத்தார், கிராமத்தார் என்று நாடு எப்படி இருக்கிறதோ அந்த விகிதத்தில் கேட்டார். கணிப்பு தவறினால் காசு வாபஸ் என்று பத்திரிகைகளுக்கு வாக்கும் கொடுத்திருந்தார். ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத ஓட்டுடன் ஜெயித்தார். லாண்டனுக்குக் கிடைத்தவை மெய்ன், வெர்மான்ட் என்ற இரண்டே மாநிலங்கள். கேலப் சொன்னது சுமார் 56 சதவீதம். ஐந்து சதவீதம் குறைவுதான், ஆனாலும் ஜெயித்த ஆள் சரி. டைஜஸ்ட் 1938-ல் கடையைக் கட்டியது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம்ம வீட்டில் சொல்வார்களே, அதுதான் இது. ஆனால் பானையைக் கிளறாமல் மேலாக ஒரு சோறு எடுத்தால் அடியில் பிடித்தது தெரியாது. சிவில் நண்பர்களுக்கு இது புரியும். நன்றாகக் கலந்த கான்கிரீட்டிலிருந்து எடுத்த மூன்று கியூப் மொத்தத் தளத்துக்கும் சாட்சி சொல்லும். கலக்காத கலவையில் முப்பது கியூப் எடுத்தாலும் வீண்தான்.

சறுக்கிய யானை

கேலப் என்ன, தெய்வப் பிறவியா? 1948-ல் அவரும் விழுந்தார். டூயிக்கு 49.5, ட்ரூமனுக்கு 44.5 என்று சொன்னார். முடிவில் எண்கள் ஏறக்குறைய அப்படியே வந்தன, ஆனால் பெயர்கள் இடம் மாறியிருந்தன! டூயி வென்றார் என்று தலைப்புப் போட்ட சிகாகோ டிரிப்யூன் நாளிதழை ட்ரூமன் சிரித்தபடி தூக்கிக் காட்டும் படம் உலகப் பிரசித்தம். நாடே கேலப்பைக் கேலி செய்தது. சில பத்திரிகைகள் அவருடைய கட்டுரையை நிறுத்திவிட்டன.

இந்த இடத்தில்தான் மனிதர் உயர்ந்து நிற்கிறார். மக்கள் பொய் சொல்லிவிட்டார்கள் என்று அவர் புலம்பவில்லை. வந்த அறிஞர் குழுவிடம் தன் கணக்குகளைத் திறந்து கொடுத்தார். இரண்டு தவறுகள் பெரியவை. ஒன்று, கடைசி நாட்களில் மக்கள் மனம் மாறிக்கொண்டிருந்தபோது கணிப்பை முன்கூட்டியே நிறுத்தியது. இரண்டு, இத்தனை ஆண், இத்தனை பெண் என்று ஒதுக்கீடு கொடுத்துவிட்டு, ஆளைத் தேர்ந்தெடுப்பதைக் கேள்வி கேட்கப் போனவரிடமே விட்டது. அவர் என்ன செய்வார்? நான் விடுதியில் செய்ததைத்தான்! பேச வசதியான ஆளாகப் பார்த்துக் கேட்பார். அதன் பிறகு கேலப் நிறுவனம் குலுக்கல் முறைக்கு மாறியது, கடைசி நாட்கள் வரை கேட்கவும் தொடங்கியது.

முதல் சுற்று என்னும் முரட்டுக் குதிரை

அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைக் கட்சி மேலிடம் மட்டும் முடிவு செய்துவிட முடியாது. மாநிலம் மாநிலமாகக் கட்சி ஆதரவாளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதற்குப் பெயர் பிரைமரி. 1920 முதல் பிரைமரி வரிசையில் முதலில் நின்ற மாநிலம் நியூ ஹாம்ப்ஷயர். 1972 முதல் அதற்கும் முன்னால் வந்து நின்றது கேலப்பின் சொந்த மாநிலம் ஐயோவா. அங்கே நடப்பது காகஸ். பள்ளிக்கூடம், தேவாலயக் கூடம் என்று ஊர்க்காரர்கள் கூடிப் பேசி ஆதரவைத் தெரிவிக்கும் கூட்டம் அது.

இந்த முதல் சுற்றைக் கணிப்பதுதான் கணிப்பாளருக்குச் சிம்ம சொப்பனம். ஏன்? நிற்பவர்கள் எல்லோரும் ஒரே கட்சிக்காரர்கள். ஒருவரை விட்டு இன்னொருவருக்குத் தாவ மனசு கூசாது. ஓட்டுப் போட வருகிறவர்களும் குறைவு, அதில் யார் வருவார்கள் என்று சொல்வதே கஷ்டம். கணக்கையும் பாருங்க. 400 பேரைக் கேட்டால் பிழை சுமார் 5 சதவீதம். அதைப் பாதியாக்க 800 போதாது, 1,600 பேர் வேண்டும். ஐந்தாறு பேர் மோதும்போது இரண்டாவது ஆளுக்கும் மூன்றாவது ஆளுக்கும் நடுவே 5 சதவீதம்கூட இருக்காதே!

கேலப் உயிரோடு இருந்தபோதே எத்தனை அதிர்ச்சிகள்! 1952-ல் நியூ ஹாம்ப்ஷயரில் பதவியிலிருந்த ட்ரூமனையே எஸ்டஸ் கெஃபாவர் தோற்கடித்தார். அதே மாதத்தில் ட்ரூமன் போட்டியிடவில்லை என்று அறிவித்தார். அந்த வருடம் 15 பிரைமரியில் 12-ஐ வென்ற கெஃபாவருக்கும் கடைசியில் வாய்ப்பு இல்லை. மாநாட்டில் ஸ்டீவன்சனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்! 1968-ல் ஜான்சன் அதே மாநிலத்தில் 49 சதவீதத்துக்கு மேல் வாங்கியும், எதிர்த்து நின்ற மெக்கார்த்தி 42 வாங்கிவிட்டதால் அது தோல்வி மாதிரியே ஆயிற்று. அவரும் அந்த மாதக் கடைசியில் விலகினார். 1976-ல் ஜிம்மி கார்ட்டரை நாட்டில் பாதிப் பேருக்கு யார் என்றே தெரியாது. ஐயோவாவில் ஊர் ஊராகச் சுற்றி சுமார் 28 சதவீதம் பெற்றார். வருட முடிவில் அவர்தான் அதிபராகத் தேர்வானார்!

1984 பிப்ரவரி 20-ல் ஐயோவாவில் மாண்டேலுக்கு 49, கேரி ஹார்ட்டுக்கு 16. எட்டே நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயரில் ஹார்ட் 37, மாண்டேல் 28. ஒரு வாரத்தில் காற்று எப்படித் திரும்பிவிட்டது பாருங்க! ஆனாலும் ஜூலை மாதம் வேட்பாளர் ஆனது மாண்டேல்தான். அடுத்த வாரம், ஜூலை 26-ல், சுவிட்சர்லாந்தில் தன் கோடை இல்லத்தில் மாரடைப்பால் கேலப் காலமானார். வயது 82. உடல் பிரின்ஸ்டனில் அடக்கம் செய்யப்பட்டது.

அவருக்குப் பின்

அவர் மறைந்த பிறகும் முரட்டுக் குதிரை அடங்கவில்லை. 2008 நியூ ஹாம்ப்ஷயரில் ஒபாமா 13 புள்ளி முன்னால் இருப்பதாகக் கேலப் நிறுவனக் கணிப்பு சொன்னது. வென்றவர் ஹிலாரி கிளிண்டன். 2012 அதிபர் தேர்தலிலும் ராம்னிதான் ஒரு புள்ளி முன்னால் என்று சொல்லித் தவறியது. 2016 பிரைமரிகளில் யார் முந்துகிறார் என்று கணிப்பதில்லை என்று 2015-ல் அந்த நிறுவனமே அறிவித்துவிட்டது. நிறுவியவர் பெயரைக் காப்பாற்ற ஒதுங்கிக்கொண்டார்கள் என்று சிலர் சொல்லலாம். முடியாததை முடியாது என்று ஒத்துக்கொள்வதும் அவர் காட்டிய வழிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கணிப்பு என்பது ஜோசியம் அல்ல நண்பர்களே, அளவுகோல்தான். வெர்னியரில் அளந்தால் இன்றைய அளவுதான் தெரியும். நாளைக்கு இரும்பு சூடாகி விரிந்தால் அது வெர்னியரின் குற்றமா? அளக்கும்போது சுழிப்பிழை பார்த்தோமா என்பதுதான் நம் பொறுப்பு.

1936-ல் ஜெயித்ததற்காக மட்டும் கேலப்பை நினைவில் வைத்தால் அது பாதிக் கதைதான். 1948-ல் நாடே சிரித்தபோது, தன் கணக்கை ஊருக்கு முன்னால் வைத்துப் பிழை தேடினாரே, அந்த மனசு நமக்கும் வேண்டும். ஆய்வகத்தில் ரீடிங் ஒத்து வராதபோது பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து மாற்றி எழுதுகிறோமே, அந்த நேரத்தில் அவரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்வோம்.

இந்த வருடப் பேரவைத் தேர்தலுக்கும் நான் நோட்டோடு வருவேன். இந்த முறை பஸ் ஸ்டாப்பிலிருந்து ஆரம்பம். வடைப் பந்தயத்துக்கு யார் ரெடி?