வில்லியம் விதரிங்

ஊர்களில் வேலியோரத்தே பொன்னரளி மலர்ந்து நிற்றலை நாம் காண்கின்றோம். கண்ணுக்கு இனிய அச்செடியின் வித்து, நெஞ்சத் துடிப்பையே நிறுத்தவல்ல கொடிய நஞ்சாகும். அத்தகைய நஞ்சுடைய வேறொரு செடியினின்று உயிர் காக்கும் மருந்தைக் கண்டவர் ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங் ஆவார்.

இவர் 1741ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு வெலிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயின்று 1766இல் பட்டம் பெற்றார். பின்னர்ப் பர்மிங்காம் நகரில் குடியேறி, 1779இல் அங்குத் திறக்கப்பெற்ற பொது மருத்துவமனையில் தொண்டாற்றினார். ஏழைகளிடம் பொருள் பெறாமலே மருத்துவம் செய்தார்.

அக்காலத்தில் கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மூச்சுத் திணறி மாண்டவர் பலர். இதயம் வலிவிழந்து குருதியைச் செலுத்தமாட்டாமையே பெரும்பாலும் இதற்குக் காரணம் என்பதை அந்நாள் மருத்துவர் தெளிவாக அறிந்திலர். சிராப்ஷையர் வட்டாரத்து மூதாட்டி ஒருத்தி இந்நோய்க்கு ஒரு மருந்தினை மறைவாகக் காத்து வந்தாள். 1775இல் அதனைப்பற்றி விதரிங்கிடம் கருத்துக் கேட்டனர். அதில் இருபது மூலிகைகளுக்குக் குறையாமல் இருந்தன. செடியியலில் வல்லவராகிய அவர், அவற்றுள் டிஜிட்டாலிஸ் ஒன்றே பயன் தருவது என உய்த்துணர்ந்தார்.

ஆயினும் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே அளவு ஒன்றே வேலியாக நின்றது. தொடக்கத்தில் அவரே அளவு மிகக் கொடுத்தார்; நோயாளர் வாந்தியாலும் நாடித் தளர்ச்சியாலும் துன்புற்றனர். அதனால் அவர் மனம் தளரவில்லை. செடி பூக்கும் பருவத்தில் இலை பறித்து, உலர்த்திப் பொடித்து, சிறிது சிறிதாகக் கொடுத்தார். தீக்குறி தோன்றியவுடன் மருந்தை நிறுத்தினார். பத்தாண்டுகள் இங்ஙனம் ஆராய்ந்து, 1785இல் நூலொன்று வெளியிட்டார். நலமுற்றவரை மட்டும் குறித்திருப்பின் அவர் புகழ் எளிதில் ஓங்கியிருக்கும். அவரோ பயன் பெறாதாரையும், துன்புற்றாரையும், இறந்தாரையும் ஒளியாது எழுதினார். பிற மருத்துவர் தம் பிழையைத் தாமும் செய்து உயிர்களை இழத்தலாகாது என்பதே அவர் கருத்து.

நெஞ்சக நோயால் நெடுங்காலம் வருந்திய அப்பெரியார் 1799இல் மறைந்தார். 1930இல் அவ்வினச் செடியொன்றினின்று டிஜாக்சின் என்னும் தூய மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 6,800 நோயாளரிடம் நடத்தி 1997இல் வெளியிட்ட ஆய்வு, அம்மருந்து வாழ்நாளை நீட்டவில்லை எனினும், நோயாளர் மீண்டும் மீண்டும் மருத்துவமனை புகுதலைக் குறைக்கின்றது என்று காட்டிற்று. இன்று வேறு மருந்துகள் முன்னிற்கின்றன. ஆயினும், நோயாளர் அடைந்த பயனையும் பயனின்மையையும் ஒருங்கே எழுதிவைக்கும் நேர்மை, மருத்துவத்திற்கு என்றும் வேண்டுவதாம்.